வேடந்தாங்கல் ஏரிக்கரையில் பிள்ளைகளுக்கு ஒரு பறவைப் பாடம்!

'மக்காச்சோளத்துல கிளி இறங்குது, என்ன பண்றது?', 'கடலை விதைச்ச மறுநாளே மயில் வந்து கிளறிடுது, எப்படி விரட்டுறது?' பறவைகளைப் பற்றி விவசாயிகள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கேட்பதில் தப்பில்லை. கடன் வாங்கி விதைத்தவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

ஆனால், அதே வீட்டில் நாலு வயதுக் குழந்தையும் இருக்கிறது. பறவையைப் பற்றி அந்தக் குழந்தை முதலில் கேட்கும் சொல் 'ச்சூ... ச்சூ' என்பதாக இருக்கிறது. அடுத்து கையில் தகரம் வருகிறது. கொஞ்சம் வளர்ந்ததும் கவட்டைவில் வருகிறது. பறவை என்றால் விரட்டவேண்டிய ஒன்று என்று பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், பிறகு பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகத்தில் எத்தனை படம் காட்டினாலும் அது மாறுவது கஷ்டம்.

இதற்கு நேர்மாறான ஒரு பாடத்தைச் சில தலைமுறைகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வரும் ஊர் ஒன்று இருக்கிறது. அதுவும் விவசாயிகளின் ஊர்தான். செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் பக்கத்தில் இருக்கும் வேடந்தாங்கல்.

வேடன் பெயரில் பறவைகளின் ஊர்!

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைத் தாண்டினால், படாளம் கூட்டுரோடு வரும். அங்கே மேற்கே திரும்பினால் இருபக்கமும் நெல் வயல்கள். கார்த்திகை, மார்கழியில் போனால் வரப்பெல்லாம் ஈரமாக இருக்கும். சரணாலயம் வருவதற்கு முன்பே வயலில் நாரைகள் நிற்பதைப் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கேயே வண்டியை ஓரம் கட்டிவிடுவது நல்லது. ஏனென்றால், வேடந்தாங்கல் பறவைகளின் வீடு ஏரிக்குள் இருந்தாலும், அவற்றின் சாப்பாடு இந்த வயல்களிலும் சுற்றுவட்டார ஏரிகளிலும்தான் இருக்கிறது. பாடம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

'வேடர்கள் தங்கிய ஊர் என்பதால் வேடந்தாங்கல்' என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்தப் பக்கத்தில் சிறிய ஏரிக்கும் 'தாங்கல்' என்றுதான் பெயர். எப்படிப் பார்த்தாலும், பெயரில் வேடனை வைத்துக்கொண்டிருக்கும் ஊர், பறவைகளுக்குப் பாதுகாப்பான ஊராக மாறியது பெரிய கதை. பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற கதையும்கூட.

18-ம் நூற்றாண்டின் கடைசியில், இந்த ஏரிக்கு வந்த பறவைகளைப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் துப்பாக்கியால் சுட ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அப்போது செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டார்கள். 'இந்த ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது' என்பதற்கு 1798-ம் ஆண்டு அவரிடம் 'கவுல்' எனப்படும் எழுத்துபூர்வமான உறுதி வாங்கினார்கள். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருகிறாரே வெள்ளைக்காரக் கலெக்டர், அவரேதான் இவர். உடையவிருந்த ஏரிக்கரையை ராம, லட்சுமணர் வில்லேந்திக் காவல் காத்ததை அவர் பார்த்ததாக அந்தக் கோயில் கதை சொல்கிறது.

அன்றைய விவசாயிகள் கலெக்டரைத் தேடிப்போனதற்குக் காரணம், பறவை மீது இருந்த பாசம் மட்டுமல்ல. ஏரிக்குள் நிற்கும் மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் விழுகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. யூரியா, டி.ஏ.பி என்ற பேச்சே இல்லாத காலத்தில், ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலில் பயிர் கருகருவென்று வளர்வதை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அதனால்தான், 'எப்படி விரட்டுவது?' என்று கேட்காமல், 'எப்படிக் காப்பாற்றுவது?' என்று கேட்டார்கள்.

அதன் பிறகு 1936-ல் இது சரணாலயமாக அங்கீகரிக்கப்பட்டது. 1998-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முறையாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 'ராம்சார்' பட்டியலில் இடம்பெற்றது. இத்தனைக்கும் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். அதாவது, 75 ஏக்கருக்குள் அடங்கிவிடும்.

கரையில் முதல் பாடம்... சத்தம் போடாமல் நிற்பது!

ஏரிக்கரை மீது நீளமான நடைபாதை, இடையில் பார்வைக் கோபுரம். தண்ணீருக்குள் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் நிற்கின்றன. மரம் தெரியாத அளவுக்கு மேலே பறவைகள். கரையில் ஏறியதும் பிள்ளைகள் செய்யும் முதல் வேலை, கத்துவது. இரண்டாவது, ஓடுவது. பெரியவர்கள் அதட்டினால் அழுகைதான் வரும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. 'கண்ணை மூடிக்கிட்டு எத்தனை சத்தம் கேட்குதுனு விரல் விட்டு எண்ணு' என்று சொன்னால் போதும். கரகரவென்று ஒரு சத்தம், அலகோடு அலகு தட்டும் 'கடகட' சத்தம், குஞ்சுகள் பசிக்குக் கத்தும் சத்தம், இறக்கை அடிக்கும் சத்தம் என்று ஒவ்வொன்றாக விரல் மடங்கும். இரண்டு நிமிடம் பிள்ளை அசையாமல் நிற்கும். பறவை பார்ப்பதற்கு வேண்டிய முதல் பழக்கம் அதுதான்.

பெயர் சொல்லிக்கொடுப்பதை அவசரமாகச் செய்யத் தேவையில்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெயரைவிட, பறவை என்ன செய்கிறது என்பதுதான் மனதில் நிற்கும். வேடந்தாங்கல் கரையில் நின்றால், ஒவ்வொரு பறவையும் ஒரு வேலை செய்துகொண்டிருக்கும்.

நத்தைகுத்தி நாரையின் அலகைப் பாருங்கள். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் ஒட்டாமல், பாக்குவெட்டி போல இடைவெளி விட்டிருக்கும். கரையில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வியும் இதைப் பற்றியதுதான்.

"ஆயா, அந்தப் பறவைக்கு ஏன் வாய் மூடல?"

"நத்தையைப் புடிச்சுத் திங்கணும்ல கண்ணு, அதுக்குத்தான்."

வயல் சேற்றில் கிடக்கும் நத்தையைக் கவ்வி, ஓட்டுக்குள் இருக்கும் சதையை உருவி எடுக்க அந்த அலகு உதவுகிறது. இதில் பிள்ளைகளுக்குப் பிடித்த இன்னொரு விஷயமும் உண்டு. குஞ்சு பிறக்கும்போது இந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் வரும். 'உனக்குப் பல்லு முளைச்ச மாதிரி' என்று சொன்னால், குழந்தை தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு 'நத்தைகுத்தி' என்ற பெயரை மறக்கவே மறக்காது.

கரண்டிவாயன், பெயருக்கேற்ப அகப்பை போன்ற அலகைத் தண்ணீரில் இப்படியும் அப்படியும் துழாவும். கூழைக்கடா, தாடைக்குக் கீழே தொங்கும் பையால் மீனைத் தண்ணீரோடு முகந்து, தண்ணீரை வடித்துவிட்டு விழுங்கும். பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரிவதால், தண்ணீர்ப் பாம்பு போகிறது என்று பெரியவர்களே ஏமாறுவார்கள். நீர்க்காகம் மீன் பிடித்து முடித்ததும் கிளையில் உட்கார்ந்து, கொடியில் துணி காயப்போட்டது போல இரண்டு இறக்கைகளையும் விரித்து வைத்திருக்கும். வெள்ளை அரிவாள் மூக்கனுக்கு உடம்பு வெள்ளை, தலை கறுப்பு, அலகு கதிர் அரிவாள் போல வளைவு. அரிவாளைப் பார்த்து வளர்ந்த விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும், 'கரண்டிவாயன் எப்படிச் சாப்பிட்டுச்சு? நடிச்சுக் காட்டு' என்று கேட்டால் பிள்ளை நடித்துக் காட்டும். அதைவிடப் பெரிய பரீட்சை தேவையில்லை.

'எல்லாம் வெளிநாட்டுப் பறவைங்களா?'

வேடந்தாங்கலுக்கு வருபவர்கள் பிள்ளைகளிடம் தவறாகச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. 'இதெல்லாம் வெளிநாட்டுலருந்து குஞ்சு பொரிக்க இங்க வருது' என்பார்கள். அது சரியல்ல. இங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாம் நம் நாட்டில் வாழ்பவை. மழை பெய்து ஏரி நிறைந்ததும் கூடு கட்ட இங்கே சேர்கின்றன.

தொலைதூரத்திலிருந்து வருபவை வேறு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்ற வாத்துகள் வடக்கே குளிர் கடுமையாகும்போது இமயமலையைத் தாண்டி இந்தப் பக்கம் வருகின்றன. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. இரை தின்று, உடம்பைத் தேற்றிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிப்போய் தங்கள் ஊரில்தான் குஞ்சு பொரிக்கும்.

'நம்ம வீட்டுக்கு அத்தை வர்றது ஒரு மாதிரி, பிரசவத்துக்கு அக்கா வர்றது ஒரு மாதிரி இல்லையா? அது போலத்தான்' என்று சொன்னால் குழந்தைக்குப் புரிந்துவிடும். பக்கத்தில் சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கரிக்கிலி ஏரிக்கும் அழைத்துப்போனால் இன்னும் தெளிவாகும். வேடந்தாங்கல், மரங்கள் நிறைந்த பிரசவ வீடு. கரிக்கிலி, திறந்த தண்ணீரில் வாத்துகள் இரை தேடும் சாப்பாட்டு வீடு. ஒரே மாதிரி இரண்டு ஏரிகள் இருப்பதைவிட, வேறு வேறு மாதிரி இரண்டு ஏரிகள் இருப்பது பறவைகளுக்கு நல்லது.

'மரம் ஏன் தண்ணிக்குள்ள நிக்குது?' என்ற கேள்வியும் வரும். கூட்டைத் தேடிவரும் பூனை, நரி போன்றவை தண்ணீரைத் தாண்டி மரம் ஏறுவது கஷ்டம். தண்ணீர்தான் அந்தக் கூடுகளுக்கு மதில் சுவர். ஏரி வற்றினால் மதில் சுவர் இடிந்த மாதிரி. அதனால்தான் மழை பொய்த்த ஆண்டுகளில் வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வருவதில்லை. வந்தாலும் தங்குவதில்லை.

திரும்பி வந்தபின் சொந்த வயலில்...

வேடந்தாங்கலைச் சுற்றிக்காட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடி தகர டப்பாவைக் கையில் கொடுத்தால் போன பலன் இல்லை. அங்கே கற்ற பாடம் சொந்த வயலில் தொடர வேண்டும். இதற்குச் செலவு எதுவும் கிடையாது.

கணக்கை இரண்டு பக்கமும் காட்டுங்கள்: 'பறவையெல்லாம் நல்லது' என்று மட்டும் சொன்னால் பிள்ளை நம்பாது. கிளி கதிரைக் கொறிப்பதை அது கண்ணால் பார்க்கிறது. எடுப்பதையும் சொல்ல வேண்டும், கொடுப்பதையும் சொல்ல வேண்டும். தூக்கணாங்குருவி நெல்லைத் தின்கிறது. அதே குருவி தன் குஞ்சுக்குப் புழு, பூச்சிகளைக் கொண்டுபோய் ஊட்டுகிறது. கிணற்றோரப் பனையிலோ ஈச்ச மரத்திலோ கூடு இருந்தால், தள்ளி உட்கார்ந்து அலகில் என்ன கொண்டுவருகிறது என்று பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

குச்சி நட அழைத்துப் போங்கள்: கரிச்சான் எனும் இரட்டைவால் குருவி, உயரமான இடத்தில் உட்கார்ந்து பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். பயறு, கடலை, பருத்தி வயலில் 'T' வடிவில் பறவைத் தாங்கிகளை ஏக்கருக்கு 20 வரை நடலாம். காய்ப்புழுவைக் குறைக்க வேளாண்மைத் துறை பரிந்துரைக்கும் முறைதான் இது. ஒரு குச்சியைப் பிள்ளை கையால் நடச் சொல்லுங்கள். 'என் குச்சியில கரிச்சான் உட்கார்ந்துச்சா?' என்று தினமும் அதுவே வயலுக்கு வரும்.

ஆந்தை உமிழ்ந்த உருண்டையைப் பிரித்துக் காட்டுங்கள்: ஆந்தை என்றாலே அபசகுனம் என்று பயமுறுத்தி வைத்திருக்கிறோம். ஆனால், அது உட்காரும் மரத்தடியில் கறுப்பாக உருண்டைகள் கிடக்கும். ஆந்தை இரையை விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் இப்படி வெளியே உமிழ்ந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்து, பெரியவர்கள் குச்சியால் பிரித்துக் காட்டினால், உள்ளே எலியின் மண்டை ஓடும் பல்லும் இருக்கும். வயலில் எலி வெட்டிய நாற்றைப் பார்த்த பிள்ளைக்கு, ஆந்தை யார் பக்கம் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவ வைக்க மறக்காதீர்கள்.

விரட்டலாம், கொல்லக்கூடாது: கதிர் முற்றும் நேரத்தில் பளபளக்கும் நாடா கட்டுவதிலும், ஆள் நின்று காவல் காப்பதிலும் தவறில்லை. பிள்ளையும் கூட நின்று நாடா கட்டலாம். ஆனால், குருணை மருந்தைத் தானியத்தில் கலந்து வைப்பது வேறு விஷயம். மயிலைக் கொல்வது சட்டப்படி பெரிய குற்றம். அதோடு, அந்தத் தானியத்தைக் கோழியும் தின்னும், செத்த பறவையை நாயும் தின்னும். மருந்து கலக்கும் தகப்பனைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நாள்காட்டித் தாளில் எழுத வையுங்கள்: தினமும் கிழிக்கும் தாளின் பின்பக்கம் போதும். இந்த வருஷம் முதல் குயில் கூவியது என்றைக்கு, தூக்கணாங்குருவி கூடு கட்ட ஆரம்பித்தது என்றைக்கு, ஏரிக்கு முதல் வாத்து வந்தது என்றைக்கு என்று எழுதிச் சேர்த்துவைத்தால், நாலைந்து வருஷத்தில் அந்த வீட்டுக்குச் சொந்தமாக ஒரு பறவைப் பஞ்சாங்கம் கிடைத்துவிடும். எழுதத் தெரியாத குழந்தை படம் வரையட்டும். பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' 2015-ம் ஆண்டிலிருந்து நடந்துவருகிறது. ஓர் இடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்ததை எண்ணி எழுதினாலே கலந்துகொள்ளலாம். வீட்டுக் கொல்லையும், மாட்டுக்கொட்டகையும்கூட அதற்குப் போதும்.

ஆள்காட்டிக்கு நாலு அடி!

இந்தப் பாடங்களில் எல்லாம் கடினமானது ஒன்று இருக்கிறது. ஆள்காட்டிக் குருவி மரத்தில் கூடு கட்டுவதில்லை. உழவுக்கு விட்டிருக்கும் வெறும் தரையில், மண்கட்டியோடு மண்கட்டியாக நான்கு முட்டைகளை இட்டுவிடும். நிறமும் மண் நிறம்தான். டிராக்டர் பக்கத்தில் வந்தால் தலைக்கு மேலே பறந்து கத்தும். தரையில் விழுந்து இறக்கை ஒடிந்த மாதிரி நடித்து, ஆளை வேறுபக்கம் இழுக்கப் பார்க்கும். டிராக்டர் சத்தத்தில் ஓட்டுபவருக்கு அது கேட்காது.

பிள்ளைகளின் கண்தான் இதை முதலில் கண்டுபிடிக்கும். 'அப்பா, அங்க முட்டை இருக்கு' என்று பிள்ளை ஓடிவந்து சொல்லும்போது, வாடகை டிராக்டருக்கு மணிக்கணக்கில் பணம் ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தகப்பன் என்ன செய்கிறார் என்பதைத்தான் பிள்ளை கற்றுக்கொள்ளும். நாலு அடி தள்ளி அடையாளத்துக்கு ஒரு குச்சியை நட்டு, அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு உழுதால் நஷ்டம் ஒரு பாய் விரிக்கும் இடம். முட்டையைத் தொடவோ, இடம் மாற்றவோ வேண்டாம். மாற்றி வைத்தால் தாய்ப்பறவை கைவிட்டுவிட வாய்ப்புண்டு. குஞ்சு பொரித்ததும் சீக்கிரமே நடந்து வெளியேறிவிடும். விட்ட இடத்தைப் பிறகு மண்வெட்டியால் கொத்திக்கொள்ளலாம்.

1798-ல் வேடந்தாங்கல் விவசாயிகள் ஓர் ஏரியையே விட்டுக்கொடுக்காமல் காத்தார்கள். இங்கே கேட்பது ஒரு பாய் அளவு இடம்தான்.

எப்போது போகலாம்?

வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்திருந்தால், கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். அந்த ஆண்டு ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, பறவைகள் வந்திருக்கின்றனவா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. காலை வெயில் ஏறுவதற்கு முன்போ, மாலை 4 மணிக்குப் பிறகோ கரையில் இருக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை வேண்டாம். பறவைகளுக்குத் தீனி போடவேண்டாம். தின்பண்டக் காகிதங்களைப் போட்டுவிட்டு வரவேண்டாம். தண்ணீர், தொப்பியோடு ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் போதும்.

மாலை நேரம் வரை பிள்ளைகளைக் கரையில் இருக்கவைக்க முடிந்தால், ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. பகல் முழுக்க வயல்களில் மேய்ந்த பறவைகள், கூட்டம் கூட்டமாக ஏரிக்குத் திரும்பும். அதே நேரத்தில், பகலெல்லாம் மரத்தில் தூங்கிக்கொண்டிருந்த வக்கா பறவைகள் 'குவாக்' என்று குரல் கொடுத்தபடி வெளியே கிளம்பும். இவை வரும்போது அவை போகும்.

"அது மட்டும் ஏன் இப்போ போகுது?"

"அதுக்கு நைட் ஷிப்ட்டும்மா."

"நாளைக்கும் வருமா?"

"ஏரியில தண்ணி இருந்தா வரும்."